கிராண்ட்மாஸ்டர் எப்படிப் பிழைக்கிறார்?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனபோது குகேஷுக்குச் சேர்ந்த பரிசுத்தொகை 13.5 லட்சம் டாலர். மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். வென்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் 2 லட்சம் என்று எடுத்துவைத்து, மீதியை இருவருக்கும் சமமாகப் பிரித்தார்கள். குகேஷ் மூன்று ஆட்டங்களை வென்றார், டிங் இரண்டை. அதே ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டு வீரர் ஷியாம் நிகில், துபாய் போலீஸ் மாஸ்டர்ஸ் போட்டியில் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தேவையான நார்ம் எனும் தகுதிகளில் மூன்றாவதைப் பெற்று இந்தியாவின் 85-ஆவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 31. முதல் இரண்டு நார்ம்களும், ஆட்டபலத்தை அளக்கும் எண்ணான ரேட்டிங்கில் 2500-ம் 2012-லேயே அவர் கையில் இருந்தன. விடுபட்டிருந்த ஒன்றுக்காக அவர் 12 ஆண்டுகள் ஆடிக்கொண்டே இருந்தார்.

இருவர் பெயருக்கு முன்னாலும் வருவது ஒரே பட்டம். ஒருமுறை கிடைத்தால் ஆயுளுக்கும் நிலைக்கும் பட்டம். ஆனால் அந்தப் பட்டத்தோடு சம்பளமோ ஓய்வூதியமோ வேலை உத்தரவோ வருவதில்லை. பிள்ளையைச் செஸ் வகுப்பில் சேர்த்து, வார இறுதிகளையும் சேமிப்பையும் அதற்கே கொடுக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொழிலின் உள்கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். செய்தித்தாள்கள் பட்டம் கிடைத்த நாளை எழுதுகின்றன. அதற்கு முந்தைய செலவையும் பிந்தைய வருமானத்தையும் எழுதுவது அரிது.

முதலில் பட்டத்தின் விதிகள். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1950-ல் முதல்முறையாக இந்தப் பட்டத்தை முறைப்படி வழங்கியபோது 27 பேருக்குக் கொடுத்தது. இன்றுவரை பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 2000 பேர். இரண்டு தகுதிகள் வேண்டும். எப்போதாவது ஒருமுறை 2500 ரேட்டிங்கைத் தொட்டிருக்க வேண்டும். அதோடு, குறைந்தது 27 ஆட்டங்களை உள்ளடக்கிய நார்ம்கள் வேண்டும். ஒரு போட்டி பெரும்பாலும் ஒன்பது சுற்று என்பதால் நடைமுறையில் இது மூன்று நார்ம்கள். நார்ம் என்பது ஒரு தனிப் போட்டியில் 2600 ரேட்டிங் உள்ளவர் ஆடுவதுபோல் ஆடிக் காட்டுவது. எதிராளிகளின் சராசரி 2380 என்றால் ஒன்பது ஆட்டங்களில் 7 புள்ளி எடுக்க வேண்டும். சராசரி 2475 என்றால் 6 புள்ளி போதும்.

இதுவரை இது திறமையின் கணக்கு. அடுத்த நிபந்தனையில்தான் பணம் நுழைகிறது. எதிராளிகளில் குறைந்தது மூவர் ஏற்கெனவே கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். பாதிப் பேராவது ஏதாவது ஒரு சர்வதேசப் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வீரர்களும் போதிய அளவில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட போட்டி உள்ளூரில் ஆண்டுக்கு ஓரிரண்டு நடந்தால் அதிகம். எனவே சென்னைப் பையன் ஸ்பெயினின் கோடைகாலப் போட்டிகளுக்கும் செர்பியாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் போகிறான். பிரக்ஞானந்தா தன் கடைசி நார்மை 2018 ஜூனில் இத்தாலியின் மலையூரான ஓர்டிசேயில் பெற்றார். வயது 12 ஆண்டு 10 மாதம். சிறுவர் என்றால் கூடவே பெற்றோரில் ஒருவரும் போக வேண்டும். பிரக்ஞானந்தாவின் தாய் நாகலட்சுமி அரிசியும் குக்கருமாக நாடு நாடாகப் பயணம் செய்ததைப் பலரும் தாய்ப்பாசத்தின் படமாகப் பார்த்தார்கள். அது வரவுசெலவுத் திட்டமும்கூட. ஐரோப்பாவில் இரண்டு பேர் மூன்று வேளையும் பத்து நாள் வெளியில் சாப்பிடும் செலவு என்ன என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும்.

குகேஷின் தந்தை ரஜினிகாந்த் காது மூக்கு தொண்டை அறுவைசிகிச்சை மருத்துவர். மகனோடு பயணம் செய்வதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தார். நண்பர்களின் உதவியும் பொதுமக்களிடம் திரட்டிய நிதியும் சேர்ந்துதான் அந்த ஆண்டுகளைக் கடக்க வைத்தன. 2019 ஜனவரி 15 அன்று டெல்லியில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12 ஆண்டு 7 மாதம் 17 நாள். உலகின் இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற செர்ஜி கர்யாக்கினின் சாதனையை அவர் 17 நாளில் தவறவிட்டார். அந்தத் துரத்தலில் செலவானது ஒரு மருத்துவக் குடும்பத்தின் இரண்டு வருமானங்களில் ஒன்று. மருத்துவர் வீட்டிலேயே இது என்றால், மாதச் சம்பளக்காரர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் இரண்டாவது நார்மோடு நின்றிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கலாம். ஷியாம் நிகிலின் 12 ஆண்டுகளைத் திறமைக் குறைவின் அடையாளமாக நான் பார்க்கவில்லை. தேவையான எதிராளிகள் ஒரே இடத்தில், ஒரே வாரத்தில், கைக்கு எட்டும் செலவில் அமைவது எவ்வளவு அரிது என்பதற்கு அதுவே சான்று.

இந்த நிபந்தனைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நார்ம் தேடுபவர்களுக்கு மூன்று கிராண்ட்மாஸ்டர்கள் தேவை என்றால், அந்த நாற்காலியில் உட்காருவதே ஒரு தொழிலாகிறது. போட்டி நடத்துபவர்கள் அறையும் உணவும் சிறு தொகையும் கொடுத்துக் கிராண்ட்மாஸ்டர்களை அழைக்கிறார்கள். நார்ம் தேடும் இளைஞர் கட்டும் நுழைவுக்கட்டணம் அந்தச் செலவுக்குப் போகிறது. ஆக, பட்டம் பெற்ற பிறகு கிடைக்கும் முதல் வருமானங்களில் ஒன்று, பட்டம் பெற விரும்பும் இன்னொருவரிடமிருந்து வருகிறது. இதில் குற்றம் எதுவும் இல்லை. விளையாட்டு தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் விதம் இது. ஆனால் 2500-ல் நிற்கும் ஒருவருக்கு இதுவே நிரந்தரப் பிழைப்பாகிவிட்டால், மேலே ஏறுவதற்கான பயிற்சிக்கு நேரமும் மனமும் மிஞ்சாது.

கட்டணம் கட்டி யாரும் சேரக்கூடிய ஓபன் போட்டிகளின் பரிசுத்தொகையை நம்பி வாழ முடியுமா? முதல் சில இடங்களுக்கு நல்ல தொகை இருக்கும். பத்தாவது இடத்துக்குக் கீழே விமானக் கட்டணம்கூடத் திரும்பாது. ஒரு காலத்தில் மேற்கு ஐரோப்பாவில் ஓபன் போட்டிகளை மட்டும் ஆடிக் கௌரவமாக வாழ்ந்த கிராண்ட்மாஸ்டர்கள் இருந்தார்கள். 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தது. அதுவரை அரசின் மாத உதவித்தொகையில் வாழ்ந்து, வெளிநாடு செல்ல அனுமதிக்காகக் காத்திருந்த பெரும் திறமைசாலிகள் ஒரே நேரத்தில் அந்தப் போட்டிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதே பரிசுத்தொகைக்கு இரண்டு மடங்கு பலசாலிகள். அன்று விழுந்த பிழைப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இன்று அந்த இடத்தை நிரப்பும் புதிய அலை இந்தியாவிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் வரும் பதின்ம வயதினர்.

அந்த அலையால் மிகவும் அடிபடுபவர்கள் இடைநிலைக் கிராண்ட்மாஸ்டர்கள். காரணம் ரேட்டிங் கணக்கில் இருக்கிறது. 2500 ரேட்டிங் உள்ளவர் 2100 ரேட்டிங் உள்ளவரோடு ஆடினால், நூற்றுக்கு 92 பங்கு அவர் எடுக்க வேண்டும் என்று சூத்திரம் எதிர்பார்க்கிறது. வென்றால் அவருக்கு 0.8 புள்ளி ஏறும். டிரா ஆனால் 4.2 புள்ளி இறங்கும். ஐந்து முறை வென்று சேர்ப்பதை ஒரே டிரா கொண்டுபோய்விடுகிறது. எதிரில் இருப்பவர் உண்மையிலேயே 2100 பலம் உள்ளவர் என்றால் இது நியாயமான கணக்கு. ஆனால் சென்னையிலோ நாக்பூரிலோ எதிரில் உட்காருவது பதின்மூன்று வயதுச் சிறுமி. தினமும் பல மணி நேரம் கணினியோடும் பயிற்சியாளரோடும் உழைப்பவள். அவளுடைய ரேட்டிங், ஆறு மாதத்துக்கு முந்தைய பலத்தைத்தான் காட்டுகிறது. வளரும் சிறுவர்களுக்கு ரேட்டிங் வேகமாக மாறட்டும் என்று ஓர் ஆட்டத்தின் முடிவு ரேட்டிங்கை எவ்வளவு மாற்றும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண்ணை ஃபிடே 40 ஆக வைத்திருக்கிறது. 2400-ஐ ஒருமுறை தொட்டவருக்கு அது எப்போதும் 10. அப்படியும் ரேட்டிங் அவர்களின் வளர்ச்சியை எட்டிப் பிடிப்பதில்லை. 2024 மார்ச்சில் ஃபிடே 2000-க்குக் கீழே இருந்த எல்லோருடைய ரேட்டிங்கையும் ஒரேயடியாக உயர்த்திச் சரிசெய்ய முயன்றது. ஓரளவு பலன் இருந்தது. ஆனாலும் இந்திய ஓபன் போட்டிகளில் ஆடுவதற்குக் கிராண்ட்மாஸ்டர்கள் தயங்குவதன் அடிப்படைக் காரணம் தீரவில்லை. ரேட்டிங் என்பது அவர்களுக்குப் பெருமை மட்டும் அல்ல. அழைப்பு, அறை வாடகை, லீக் ஒப்பந்தம் எல்லாமே அந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்துத்தான் வருகின்றன. ஒரு மோசமான வாரத்தில் 25 புள்ளி போனால் அடுத்த ஆண்டின் வருமானம் குறையலாம்.

நிலையான பணம் வருவது லீக் ஆட்டங்களிலிருந்து. ஜெர்மனியின் புந்தெஸ்லிகா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980 முதல் நடக்கிறது. 16 அணிகள், ஓர் அணிக்கு எட்டுப் பலகைகள் (ஒரு சந்திப்பில் எட்டு வீரர்கள்), பருவம் முழுவதும் சில வார இறுதிகளில் மட்டும் ஆட்டம். கிளப் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊதியமும் பயணச் செலவும் தருகிறது. தோற்றாலும் அந்தத் தொகை வரும் என்பதுதான் இதன் பெரிய நிம்மதி. விஸ்வநாதன் ஆனந்தே பல ஆண்டுகள் பாடன்-பாடன் அணிக்கு ஆடியவர். ஐரோப்பாவில் வாழும் 2600 ரேட்டிங் வீரர் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று மூன்று நான்கு நாட்டு லீக்குகளில் பெயர் பதிந்து ஆண்டின் வாடகையைக் கட்டிவிடுவார். சென்னையில் வாழும் அதே பலம் உள்ள வீரருக்கு இது சுலபமாகக் கிடைப்பதில்லை. ஒரு வார இறுதிக்காக அவரை விமானத்தில் வரவழைக்கும் செலவில் பக்கத்து நாட்டிலிருந்து இரண்டு பேரை அழைத்துவிடலாம். ஆனந்த் தொண்ணூறுகளில் மாட்ரிட் அருகே உள்ள கொயாதோ மெதியானோ என்ற சிற்றூரில் வீடு வைத்துக்கொண்டதற்கும் இந்தத் தூரமே காரணம். போட்டிகள் எல்லாம் ஐரோப்பாவில். ஒவ்வொன்றுக்கும் சென்னையிலிருந்து புறப்பட்டுப் போவது உடம்புக்கும் ஆட்டத்துக்கும் கேடு.

இந்தியாவில் லீக்கின் இடத்தை நீண்ட காலம் நிரப்பியது அரசு வேலை. ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், ஏர் இந்தியா, எல்.ஐ.சி., வங்கிகள் ஆகியவை விளையாட்டு ஒதுக்கீட்டில் செஸ் வீரர்களை எடுத்துக்கொண்டன. மாதச் சம்பளம், போட்டிக்குச் செல்ல விடுப்பு, சில இடங்களில் பயணச் செலவும் உண்டு. தேசிய அணிப் போட்டியில் பெட்ரோலியம் விளையாட்டு மேம்பாட்டு வாரியமும் ரயில்வேயும் ஏர் இந்தியாவும் மோதிக்கொண்டதைப் பார்த்தாலே நம் செஸ்ஸை யார் தாங்கினார்கள் என்பது புரிந்துவிடும். கோனேரு ஹம்பி இன்றும் ஓ.என்.ஜி.சி. ஊழியர். இந்த ஏற்பாட்டைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. வேலை கிடைத்ததும் வீரர்கள் சோர்ந்துவிடுகிறார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தியாவில் 1988-ல் ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்தார்; 2000-ஆம் ஆண்டு முடியும்போது ஐந்து பேர்தான். அந்த வறண்ட காலத்தில் ஒரு தலைமுறை ஆடுவதை நிறுத்திவிடாமல் காத்தது அந்தச் சம்பளம்தான். சென்னையின் கிருஷ்ணன் சசிகிரண் 2000-ல் கிராண்ட்மாஸ்டர் ஆகி, 2007-ல் 2700-ஐத் தொட்டபோது, ஆனந்துக்கு அடுத்து அந்த உயரத்தை எட்டிய இரண்டாவது இந்தியர் அவர். அவர் ஏறிவந்த ஆண்டுகளில் இன்றைய தனியார் ஆதரவு எதுவும் கிடையாது. ஆனால் இந்தத் தாங்குதூண் இனி எவ்வளவு நாள் நிற்கும் என்பது கேள்வி. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் தனியார் கைக்குப் போய்விட்டது. புதிதாகப் பட்டம் பெறுகிறவர்களின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போகிறது.

வெளியே தெரியாத இன்னொரு வேலை இருக்கிறது. இந்தத் தொழிலில் என்னை மிகவும் ஈர்ப்பது அதுதான். பெரிய வீரருக்குப் பின்னால் நின்று அவருக்காகச் சிந்திப்பவரைச் செஸ் உலகம் செகண்ட் என்று அழைக்கிறது. 2008-ல் பான் நகரில் ஆனந்த் உலக சாம்பியன் பட்டத்துக்காக ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக்கைச் சந்தித்த போட்டியை எடுத்துக்கொள்வோம். அதுவரை வெள்ளைக் காய்களோடு பெரும்பாலும் அரசருக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்கியவர் ஆனந்த். அந்தப் போட்டியில் அவர் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை நகர்த்தினார். அது கிராம்னிக்கின் சொந்த நிலம். அங்கே போய்ச் சண்டையிட, பல ஆண்டு அனுபவம் தரும் அறிவைச் சில மாதங்களில் கட்டியெழுப்ப வேண்டும். டென்மார்க்கின் பீட்டர் ஹைனே நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ராடோஸ்லாவ் வொய்தாஷெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்குலி ஆகிய நால்வரும் அதைச் செய்தார்கள். மூன்றாவது ஆட்டத்திலும் ஐந்தாவது ஆட்டத்திலும் ஆனந்த் கறுப்புக் காய்களோடு மெரான் தற்காப்பில் ஒரே கூர்மையான வழியை ஆடினார். இரண்டையும் வென்றார். கிராம்னிக் கடிகாரத்தில் நேரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது ஆனந்த் வீட்டிலேயே பார்த்துவைத்த நிலைகளில் நடந்துகொண்டிருந்தார். ஆறு ஆட்டங்கள் முடிந்தபோது 4.5–1.5. இறுதியில் 6.5–4.5.

அந்த நால்வரும் சாதாரண உதவியாளர்கள் அல்ல. காசிம்ஜானோவ் 2004-ல் ஃபிடேயின் உலக சாம்பியன் பட்டத்தை வென்றவர். கங்குலி 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறு முறை தேசிய சாம்பியன். அவர்கள் கண்டுபிடிக்கும் புதிய நகர்த்தல் இன்னொருவர் பெயரில் வரலாற்றில் பதிகிறது. போட்டி முடியும் வரை யாருக்காக உழைக்கிறோம் என்பதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொந்த ஆட்டத்துக்கு வைத்திருந்த நல்ல யோசனைகளும் அங்கேயே செலவாகும். பதிலுக்கு நல்ல ஊதியம் கிடைக்கிறது. அதைத் தருவது பெரும்பாலும் வீரரே, தன் பரிசுப் பணத்திலிருந்தோ ஆதரவாளர் தரும் தொகையிலிருந்தோ. உலக சாம்பியனின் பரிசுத்தொகையைச் செய்தியில் படிக்கும்போது அது ஒருவர் பைக்குள் முழுதாகப் போவதாக நினைத்துவிடக் கூடாது. அது ஒரு சிறு அலுவலகத்தின் வருமானம். நீல்சன் பிறகு மாக்னஸ் கார்ல்சனிடம் போனார். 2013-ல் சென்னையில் கார்ல்சனும் ஆனந்தும் மோதியபோது மட்டும் இரு பக்கமும் சேராமல் ஒதுங்கி நின்றார். ஆனந்துக்குப் பின்னாளில் உதவிய போலந்தின் கிரெகோர்ஸ் கயேவ்ஸ்கி சிங்கப்பூரில் குகேஷின் அணியை நடத்தினார். ஒரு வீரரிடம் கற்றதை அடுத்த தலைமுறை வீரருக்கு எடுத்துச் செல்லும் வேலையாகவும் இது இருக்கிறது.

ஆனால் செகண்ட் வேலை உலகம் முழுவதும் சில டஜன் பேருக்குத்தான் உண்டு. மற்றவர்களுக்கு மிஞ்சுவது பயிற்சி. தமிழ்நாட்டில் இதைப் பேசினால் ஆர்.பி. ரமேஷை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன், 2003-ல் கிராண்ட்மாஸ்டர். பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தில் பாதுகாப்பான வேலையில் இருந்தவர், 2008-ல் அதை விட்டுவிட்டு மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சென்னையில் செஸ் குருகுலத்தைத் தொடங்கினார். பிரக்ஞானந்தா, வைஷாலி, அரவிந்த் சிதம்பரம் என்று அங்கே வளர்ந்தவர்களின் பெயர்கள் இன்று உலகத்துக்குத் தெரியும். அதற்கு அவர் கொடுத்த விலை தன் சொந்த ஆட்டம். முப்பத்து இரண்டு வயது என்பது ஆடி முடித்துவிடும் வயது அல்ல. குகேஷின் முதல் பெரிய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவும் அப்படித்தான். அவரும் கிராண்ட்மாஸ்டர், சீடனைத் தொடக்க ஆண்டுகளில் கணினியைத் தொடவிடாமல், பலகையில் தானே கணக்கிடப் பழக்கியவர். நல்ல பயிற்சியாளர் ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம் இன்னொருவரின் ஆட்டத்துக்குள் வாழ்கிறார். அதன் பிறகு தன் தொடக்க நகர்த்தல்களைப் புதுப்பித்துக்கொண்டு, போட்டிக்குப் போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து சிந்திப்பது கடினம். இரண்டையும் ஒரே அளவில் செய்தவர்கள் மிகச் சிலரே. நம் ஊரில் பட்டம் பெற்ற இளைஞர்கள் பலர் இருபத்தைந்து வயதுக்குள் பயிற்சி வகுப்பு தொடங்கிவிடுகிறார்கள். மாத வருமானம் உடனே வருகிறது. அதே மாதத்திலிருந்து ரேட்டிங் இறங்கத் தொடங்குகிறது.

இணையம் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. வாரந்தோறும் இணையத்தில் செஸ் பட்டம் பெற்றவர்களுக்காக நடக்கும் போட்டிகளில் நூற்றுக்கணக்கானோர் ஆடினாலும் பணம் முதல் சில இடங்களுக்கு மட்டுமே. நேரலையிலும் யூடியூபிலும் பேசிச் சம்பாதிப்பவர்கள் உண்டு. உலகின் முன்னணி வீரரான ஹிகாரு நகமுரா அதையே தன் முதல் தொழில் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். அதற்கு வேண்டிய திறமை வேறு. நன்றாக ஆடுபவர்களுக்கு எல்லாம் அது வாய்ப்பதில்லை, வாய்க்க வேண்டும் என்றும் இல்லை.

உச்சியில் இருப்பவர்களின் கதை வேறு. 2700-க்கு மேலே உலகில் முப்பது நாற்பது பேர்தான். அவர்களுக்கு அழைப்புப் போட்டிகள், கலந்துகொள்வதற்கான தொகை, விளம்பர ஒப்பந்தங்கள் உண்டு. 2023 உலகக் கோப்பையில் வென்ற கார்ல்சனுக்கு 1,10,000 டாலர், இரண்டாமிடம் பெற்ற பிரக்ஞானந்தாவுக்கு 80,000 டாலர். அங்கேயும் வாசல் குறுகலானது. உலக சாம்பியனோடு மோதும் தகுதிக்கான கேண்டிடேட்ஸ் போட்டியில் எட்டே இடங்கள். 2023 டிசம்பரில், அந்த இடத்துக்கான புள்ளிக் கணக்கில் குகேஷ் பின்தங்கியிருந்தபோது, தமிழ்நாடு அரசின் ஆதரவில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டி அவசரமாக ஏற்பாடு செய்யப்பட்டது. கடைசி நேரத்தில் சொந்த வீரருக்காகப் போட்டி நடத்துவதா என்று வெளிநாடுகளில் விமர்சனம் எழுந்தது. விதிகள் இடம்கொடுத்தன, மற்ற நாடுகளும் அதைத்தான் செய்துவந்தன. குகேஷ் அதில் முதலிடம் பெற்றார், கேண்டிடேட்ஸ் போட்டிக்காக டொராண்டோ போனார், வென்றார், ஓராண்டுக்குள் உலக சாம்பியன். அந்த ஒரு வாரப் போட்டி நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதைக் காட்டுகிறது.

ஆனந்தின் வாழ்க்கையை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அபூர்வம் புரியும். 1987-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் உலக ஜூனியர் சாம்பியன். அதே ஆண்டு இறுதியில், கோயம்புத்தூரில் சக்தி ஃபைனான்ஸ் நடத்திய போட்டியில் கடைசி நார்ம். உள்ளூர் நிறுவனம் ஒன்று நடத்திய சர்வதேசப் போட்டி இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரைத் தந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். 1995-ல் நியூயார்க்கில் காஸ்பரோவிடம் தோற்றார். 1998 ஜனவரியில் லோசானில் கார்போவிடம் தோற்றார். க்ரோனிங்கனில் நீண்ட நாக்-அவுட் போட்டியை ஆடி முடித்த களைப்பு தீருமுன், ஓய்ந்து காத்திருந்த சாம்பியனோடு அவரை உட்காரவைத்தார்கள். 2000, 2007, 2008, 2010, 2012 என்று ஐந்து முறை உலக சாம்பியன். 2013-ல் பட்டத்தை இழந்த சில மாதங்களில், நாற்பத்து நான்கு வயதில், காந்தி-மான்சிஸ்கில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றார். 2017-ல் ரியாத்தில் உலக ரேபிட் சாம்பியன். இந்தியத் தரவரிசையில் அவர் வகித்த முதலிடத்தை 37 ஆண்டுகளுக்குப் பிறகு 2023 செப்டம்பரில் குகேஷ் எடுத்துக்கொண்டார். 1988-ல் பட்டம் பெற்றவர் ஆட்டத்தால் மட்டுமே இத்தனை நாள் வாழ்ந்தார். அவரை அளவுகோலாக வைத்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது.

2013 உலகப் போட்டியைச் சென்னையில் நடத்தத் தமிழ்நாடு அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் 5 கோடி ரூபாய் பரிசு அறிவிக்கப்பட்டது. இவற்றைப் பெருமையோடு சொல்கிறேன். இவை இல்லாமல் இத்தனை பிள்ளைகள் பலகையின் முன் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பணம் முழுவதும் சிகரத்துக்கும் விழாவுக்கும் போகிறது. 2023-ல் தொடங்கிய குளோபல் செஸ் லீக்கிலும் ஆறு அணிகளுக்கு ஆறு பேர் வீதம் 36 இடங்கள்தான். அவற்றில் பெரும்பகுதி உலகப் புகழ் பெற்றவர்களுக்கு. 2450-க்கும் 2600-க்கும் இடையே நிற்கும் தமிழ்நாட்டு வீரருக்கு, ஊரிலேயே ஆடிச் சம்பாதிக்க ஒரு பருவமும் இல்லை.

அதற்கு வழி மாநில லீக் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பத்து அணிகள், அணிக்கு எட்டுப் பலகைகள் என்றால் 80 இடங்கள். ஜெர்மனியைப்போல வார இறுதிகளில் மட்டும் ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று, வென்றாலும் தோற்றாலும் மாறாத ஊதியம். கோவை, திருப்பூர், மதுரை, சிவகாசி, ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் ஓர் அணியின் பெயரில் தன் பெயரைச் சேர்க்க விரும்பும் நிறுவனங்கள் இருக்கும். கோவை அதை 1987-லேயே செய்து காட்டியது. ஒவ்வோர் அணியிலும் செஸ் பட்டம் பெற்ற இரண்டு வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்து, ஃபிடேயின் விதிகளுக்கு ஏற்பப் பதிவு செய்தால், பருவம் முழுவதும் ஆடும் ஆட்டங்களிலிருந்து நார்மும் பெற முடியும். புந்தெஸ்லிகாவில் ஆடி நார்ம் பெற்றவர்கள் உண்டு. இரண்டு நார்ம்களோடு காத்திருக்கும் அடுத்த வீரர் மூன்றாவதுக்காக விமானம் ஏற வேண்டியிருக்காது. அவருக்கு எதிரே உட்காரும் கிராண்ட்மாஸ்டரும் பயிற்சி வகுப்பை வார நாட்களுக்கு வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் தன் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பார்.